பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் தரைவிரிப்பும் சாயமேற்றலும்

காரின் தளத்தை மூடி, எஞ்சின் சூட்டையும் சாலை இரைச்சலையும் குறைத்து, உட்புறத்துக்கு நிறம் தரும் துணிப்பகுதியே தரைவிரிப்பு. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் முதலில் முதுமை தெரிவதும் இதில்தான். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடலாம். உடற்பகுதிக்கு மறுவண்ணம் பூசலாம். விரிப்போ வெயிலில் வெளுத்து, ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் தேய்ந்து, மழைநீர் பட்ட இடத்தில் கறைபடிந்து போகிறது.

வெளுத்த விரிப்புக்கு மூன்று வழிகள் உண்டு: மீண்டும் சாயமேற்றுவது, புதியதை இடுவது, அப்படியே காப்பது. எது பொருந்தும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது விரிப்பின் இழை. எந்த இழை என்பதோ கார் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆகவே கார் தரைவிரிப்பின் வரலாறு, அதை மீட்டெடுக்கும் வேலையின் முதல் பாடமாகவும் அமைகிறது. அமெரிக்காவின் செவ்ரோலெட் கார்வெட் 1953 முதல் இன்றுவரை ஒரே பெயரில் வருவதால், இந்த வரலாற்றுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கம்பளி விரிப்பின் காலம்

தொடக்ககாலக் கார்கள் குதிரைவண்டிப் பட்டறைகளின் வழக்கத்தைப் பின்பற்றின. தளம் மரப்பலகையால் ஆனது. ஓட்டுநர் அமரும் முன்பகுதியில் தோலும் ரப்பர் விரிப்பும் இருந்தன. உயர்விலைக் கார்களில் உரிமையாளர் அமரும் பின்பகுதியில் மட்டும் கம்பளி விரிப்பு இடப்பட்டது. மழையும் சேறும் படும் இடத்துக்கு ரப்பர், மூடிய அறைக்குக் கம்பளி என்பதே அன்றைய கணக்கு.

அந்தக் கம்பளியின் பின்னால் பழைய நெசவுத்தொழில் இருந்தது. இங்கிலாந்தின் வில்டன், ஆக்ஸ்மின்ஸ்டர் ஆகிய ஊர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே விரிப்பு நெசவுக்குப் பெயர்பெற்றவை. ஆக்ஸ்மின்ஸ்டரில் தாமஸ் விட்டி 1755இல் தொழிலைத் தொடங்கினார். அமெரிக்காவில் எராஸ்டஸ் பிகலோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிப்பு நெய்யும் விசைத்தறிகளை உருவாக்கினார். வில்டன் வகை நெசவில், மேலே தெரியும் நூலின் ஒரு பகுதி அடித்துணிக்குள்ளும் ஓடுகிறது. அதனால் விரிப்பு அடர்த்தியாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்கும். பிரிட்டனின் உயர்விலைக் கார்களில் இத்தகைய கம்பளி விரிப்பு இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது.

செயற்கைச் சாயங்கள்

கார் பிறப்பதற்குச் சற்று முன்னரே சாயத்தொழில் தலைகீழாக மாறியிருந்தது. 1856இல் பதினெட்டு வயது மாணவரான வில்லியம் ஹென்றி பெர்கின், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, அனிலினிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைப் பெற்றார். அதுவே மாவீன். 1862இல் எட்வர்ட் நிக்கல்சன் அனிலின் சாயம் ஒன்றைக் கந்தக அமிலத்துடன் வினைப்படுத்தி நீரில் கரையச் செய்தார். கம்பளிக்கு ஏற்ற அமிலச் சாயங்கள் என்ற பெருங்குடும்பம் இவ்வழியில் வளர்ந்தது. ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபும் லீபர்மானும் 1868இல் மேடர் வேரின் சிவப்பான அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை அவுரி நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்தத் தொழிலில் ஜெர்மனி உலகை ஆண்டது. முதலாம் உலகப்போரில் ஜெர்மன் சாயங்களின் வரத்து தடைபட்டபோது அமெரிக்காவின் நெசவாலைகள் திணறின. அப்போதுதான், 1917இல், வெடிமருந்து நிறுவனமான டுபாண்ட், நியூ ஜெர்சி மாநிலத்தின் டீப்வாட்டரில் சாய உற்பத்தியைத் தொடங்கியது. அமெரிக்கக் காரின் நிறங்களில் பின்னர் பெரும்பங்கு வகிக்கப்போகும் நிறுவனம் இதுவே.

நிறம் விற்பனைப் பொருளாதல்

டுபாண்ட் போர்க்காலத்தில் ஈட்டிய பணத்தின் ஒரு பகுதியை ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளில் முதலிட்டது. 1917க்கும் 1919க்கும் இடையில் அது வாங்கிய பங்கு ஏறத்தாழ 23 விழுக்காடு. 1924 ஆண்டுக்கான ஓக்லாண்ட் கார்களில் டுபாண்டின் டூக்கோ என்ற விரைவில் உலரும் வண்ணப்பூச்சு பயன்பட்டது. அதற்கு முன் வண்ணம் உலரவே நாட்கணக்கில் ஆகும். டூக்கோ வந்தபின் பல நிறக் கார்களைப் பெருமளவில் செய்வது எளிதாயிற்று.

1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'கலையும் நிறமும்' என்ற பெயரில் தனிப்பிரிவு ஒன்றை அமைத்து, ஹார்லி எர்லை அதன் தலைவராக்கியது. வெளிநிறம், இருக்கைத் துணி, கதவு உறை, தரைவிரிப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது. வாங்குபவர் காரோடு நிறத்தையும் தேர்ந்தெடுத்தார்.

இந்த உறவு பின்னர் நீதிமன்றம் ஏறியது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு வண்ணப்பூச்சுகளையும் துணிகளையும் விற்பதில் டுபாண்டுக்கு அந்தப் பங்குகள் முன்னுரிமை தேடித்தந்தன என்பது அரசின் வாதம். 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, டுபாண்டின் பங்குடைமை போட்டிச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. காரின் துணியும் நிறமும் எவ்வளவு பெரிய வணிகமாக வளர்ந்திருந்தன என்பதை அவ்வழக்கே காட்டும்.

கம்பளியிலிருந்து செயற்கை இழைக்கு

இதே காலத்தில் இழைகளும் மாறின. மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் இழைக்கு 1892இல் பிரிட்டனில் காப்புரிமை பெறப்பட்டது. 1905 முதல் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் கவென்ட்ரியில் அதை உற்பத்தி செய்தது. ரேயான் என்ற பெயர் 1924இல் வந்தது. டுபாண்டில் வாலஸ் கரோதர்ஸ் குழு 1935 பிப்ரவரியில் நைலானை உருவாக்கியது. ஜெர்மனியில் பவுல் ஷ்லாக் 1938இல் இன்னொரு வகை நைலானைக் கண்டார். அது பெர்லான் என அறியப்பட்டது. பிரிட்டனில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941இல் பாலியெஸ்டர் இழையைப் படைத்தனர். இத்தாலியில் ஜூலியோ நட்டா 1954இல் பாலிபுரொப்பிலீனை உருவாக்கினார்.

விரிப்பு செய்யும் முறையும் மாறியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டால்டன் ஊரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் கையால் நூல்முடிச்சிட்டுப் படுக்கைவிரிப்புகள் செய்தார். அந்தக் கைத்தொழில் அவ்வட்டாரமெங்கும் பரவி, பின்பு ஊசிகள் வரிசையாகப் பொருத்திய பொறிகளுக்கு மாறியது. நெய்யாமல், ஆயத்த அடித்துணியில் நூலைக் குத்தி இறக்கும் இந்த முறை, இரண்டாம் உலகப்போருக்குப் பின் தரைவிரிப்புத் தொழிலை ஆட்கொண்டது. அடித்துணிக்கு வேண்டிய சணல் வங்காளப் பகுதியிலிருந்து சென்றது. 1960களுக்குப் பின் அதன் இடத்தைப் பாலிபுரொப்பிலீன் துணி பிடித்தது.

கார்வெட்டின் விரிப்பு

முதல் கார்வெட் 1953 ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் ஆலையிலிருந்து வெளிவந்தது. அவ்வாண்டு செய்யப்பட்டவை 300 கார்கள் மட்டுமே. எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. உடற்பகுதி கண்ணாடியிழையால் ஆனது. பின்னர் நிறத் தெரிவுகள் பெருகின. 1963இல் வந்த ஸ்டிங்ரே மாதிரியில் கறுப்பு, கருநீலம், சிவப்பு, சேணப் பழுப்பு என உட்புற நிறங்கள் இருந்தன.

1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கார்களில் பரவலாக இருந்தது கண்ணிநூல் விரிப்பு. நூல் வெட்டப்படாமல் சிறு கண்ணிகளாக நிற்கும் வகை இது. நூலில் ஏறத்தாழ 80 விழுக்காடு ரேயான், 20 விழுக்காடு நைலான். ரேயான் மலிவானது, சாயத்தை நன்றாக ஏற்பது. நைலான் தேய்மானத்தைத் தாங்குவது. 1970களின் நடுப்பகுதியில் கார்வெட் உள்ளிட்ட அமெரிக்கக் கார்கள், நூல்முனை வெட்டப்பட்டு மென்மையாக நிற்கும் நைலான் விரிப்புக்கு மாறின.

தைத்துச் செய்யும் விரிப்பின் இடத்தில் அச்சில் வார்த்த விரிப்பும் வந்தது. விரிப்பின் பின்புறம் பாலிஎத்திலீன் போன்ற நெகிழி பூசி, சூடாக்கி, தளத்தின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அழுத்தி எடுப்பது அம்முறை. 1972 செப்டம்பர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த 302ஆம் எண் பாதுகாப்புத் தரவிதி, காரின் உட்புறப் பொருள்களில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என வரையறுத்தது. தரைவிரிப்பும் அதற்கு உட்பட்டது.

நிறம் ஏன் மங்குகிறது

சாய மூலக்கூறுகள் ஒளியை உறிஞ்சுவதால்தான் நிறம் தெரிகிறது. அதே ஒளியின் ஆற்றல், ஆக்சிஜனுடனும் ஈரத்துடனும் சேர்ந்து, நாளடைவில் அம்மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. மூடிய காருக்குள் தேங்கும் வெப்பம் இதை விரைவாக்குகிறது. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நெகிழி ஏடு வைத்த முன்கண்ணாடி, புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஒற்றைத் தகடான பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை.

ஸ்போர்ட்ஸ் கார்களின் வடிவமே இங்குப் பாதகமாகிறது. தாழ்ந்த கூரையும் படுத்த கண்ணாடியும் வெயிலை நேராக உள்ளே விடுகின்றன. 1968 முதல் கூபே வகைக் கார்வெட்டின் கூரைப் பலகைகளைக் கழற்ற முடிந்தது. 1978இல் பின்பகுதியில் வளைந்த பெரிய கண்ணாடி வந்தது. சாமான் வைக்கும் இடத்தின் விரிப்பு அதன்பின் நாள்முழுதும் வெயிலில் கிடந்தது. இத்தகைய கார்களில் முன்விரிப்பு ஒரு நிறமாகவும் பின்விரிப்பு வேறு நிறமாகவும் மாறியிருப்பது வழக்கம்.

ஒவ்வொரு நிறமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. கறுப்பும் பழுப்பும் பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. அவற்றில் எது முதலில் சிதைகிறதோ, அதைப் பொறுத்துக் கறுப்பு விரிப்பு செம்பழுப்பாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ திரிகிறது. ஒளியைத் தாங்கும் திறனை அளக்க நெசவுத்தொழிலில் நீலக் கம்பளி அளவுகோல் பயன்படுகிறது. 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளித் துண்டுகளைச் சோதனைத் துணியோடு ஒளியில் வைத்து, எந்த எண்ணுக்கு ஒப்பாக அது மங்குகிறது எனப் பார்ப்பார்கள். எட்டாம் எண் மிக உறுதியானது.

எந்த இழைக்கு எந்தச் சாயம்

சாயம் என்பது இழைக்குள் புகுந்து தங்குவது. வண்ணப்பூச்சு என்பது நிறமித்துகளைப் பசை கொண்டு இழையின்மேல் ஒட்டுவது. கார் விரிப்புக்கென்று தெளிப்பான் குப்பியில் 'சாயம்' என விற்கப்படுபவற்றில் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை எந்த இழையிலும் ஒட்டும். ஆனால் மிகுதியாகத் தெளித்தால் நூல்முனைகள் விறைக்கும். காலணி உரசும் இடத்தில் உதிரும்.

உண்மையான சாயமேற்றலுக்கு இழையை அறிந்தாக வேண்டும். கம்பளியிலும் நைலானிலும் அமினோ தொகுதிகள் உள்ளன. அமிலம் சேர்த்த வெந்நீரில் அவை நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டமுள்ள அமிலச் சாயத்தைப் பற்றிக்கொள்கின்றன. ரேயான் பருத்தியைப் போலச் செல்லுலோஸ் என்பதால் நேரடிச் சாயத்தை ஏற்கிறது. பாலியெஸ்டருக்கு டிஸ்பெர்ஸ் வகைச் சாயமும், அழுத்தக்கலத்தில் சுமார் 130 பாகை செல்சியஸ் வெப்பமும் வேண்டும். பட்டறையில் அது எளிதன்று. சாதாரணப் பாலிபுரொப்பிலீனில் சாயம் பற்ற இடமே இல்லை. அதனால் இழை உருகிய நிலையில் இருக்கும்போதே நிறமியைக் கலந்துவிடுகிறார்கள்.

இழையை அறிய, விரிப்பின் மறைவான ஓரத்திலிருந்து சில நூல்களை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் எரித்துப் பார்ப்பது பழைய வழி. கம்பளி, முடி கருகும் நாற்றத்துடன் பொடியும் கரியாகும். ரேயான் காகிதம்போல் எரிந்து சிறிது சாம்பல் விடும். நைலான் உருகிக் கெட்டி மணியாகும். பாலிபுரொப்பிலீன் மெழுகு வாடையுடன் உருகும். நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதன் இழை நீரில் மிதக்கவும் செய்யும்.

80க்கு 20 என்ற பழைய கண்ணிநூல் விரிப்பு மிகவும் சிக்கலானது. அதில் இரண்டு இழைகள் இரண்டு வகைச் சாயத்தைக் கேட்கின்றன. இரண்டையும் கலந்த வீட்டுச் சாயங்கள் உண்டென்றாலும் ரேயானும் நைலானும் ஒரே அழுத்தத்தில் நிறமேற்பது அரிது. மேலும் நனைந்த ரேயான் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. ஐம்பது ஆண்டு வெயில் பட்ட கண்ணிகள், தேய்த்துக் கழுவும்போதே அறுந்துபோகலாம். 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்த நைலான் விரிப்பே சாயமேற்றலுக்கு மிகவும் இணங்குகிறது.

சாயமேற்றும் வேலை

முதலில் இருக்கைகளையும் நடுப்பெட்டியையும் கதவடிப் பட்டைகளையும் கழற்றி விரிப்பை வெளியே எடுக்க வேண்டும். காருக்குள்ளேயே நனைப்பது ஆபத்தானது. அடியிலுள்ள சணல் மெத்தை நீரைப் பல நாட்கள் தேக்கிவைத்து, எஃகுத் தளத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். கார்வெட்டின் உடல் கண்ணாடியிழை என்றாலும், 1963 முதல் அதன் பயணியர் பகுதியைச் சுற்றி எஃகுக் கூடு ஒன்று உண்டு. அதுவும் ஈரத்தால் துருப்பிடிப்பதே.

அடுத்தது கழுவுதல். எண்ணெய்ப் பிசுக்கோ பளபளப்பூட்டும் சிலிக்கோன் திரவமோ எஞ்சியிருந்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. அதன்பின் மறைவான மூலையில் ஒரு சோதனை. சாயம் ஏற்கெனவே உள்ள நிறத்தோடு சேருமே தவிர அதை மறைக்காது. அதனால் வெளுத்த சிவப்பை அடர்சிவப்பாக்கலாம். கருநீலத்தைப் பழுப்பாக்க முடியாது. வெயில் மிகுதியாகப் பட்ட இடத்தில் நைலான் இழையே சிதைந்து, சாயத்தைப் பற்றும் திறன் குறைந்திருக்கும் என்பதால், மங்கிய நிறம் இன்னும் அடையாளம் காட்டக்கூடும். இதைச் சமன்செய்யவே பலர் கறுப்பையோ முதல் நிறத்தைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தையோ நாடுகிறார்கள்.

நைலானுக்கு வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம் சேர்த்த சூடான சாயக்கரைசலைத் தெளித்துத் தூரிகையால் வேரடிவரை சேர்த்து, நீராவியால் நிலைப்படுத்துகிறார்கள். பின்பு நீர் தெளிவாக வரும்வரை அலசுவது கட்டாயம். இல்லையெனில் சாயம் உடைகளில் ஒட்டும். வார்த்த விரிப்பில் அளவுமீறிச் சூடு பட்டால் பின்புற நெகிழி இளகி வடிவம் கெடும். சணல் அடித்துணி மெதுவாக உலர்ந்தால், அதன் பழுப்புக் கறை மேலேறி நூல்முனையில் தெரியும். ஆகவே தளத்தின் வடிவிலேயே பரப்பி, காற்றோட்டத்தில் விரைந்து உலர்த்துவது நல்லது.

மாற்றுவதா, காப்பதா?

பழைய விரிப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை இடுவதே பெரும்பாலும் எளிது. கார்வெட் போன்ற கார்களுக்குப் பழைய நூல்வகையிலேயே மறுபடி செய்த விரிப்புகள் கிடைக்கின்றன. ஆயினும் பழங்கார் உலகில் கருத்து மாறிவருகிறது. 1974இல் தொடங்கிய தேசியக் கார்வெட் மீட்டெடுப்போர் சங்கம், ஆலையிலிருந்து வெளிவந்த நிலையை அளவுகோலாக வைத்துக் கார்களை மதிப்பிடுகிறது. அங்கே பொருளின் நல்ல நிலையும் கணக்கு, அசல் தன்மையும் கணக்கு. சாயமேற்றிய விரிப்பு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: துணி அசல், நிறம் புதியது.

உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது. பழைய வாகனத்தை வரலாற்றுச் சான்றாகக் கருதி, இயன்றவரை காக்கவும், செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யவும் அது வலியுறுத்துகிறது. அந்த நோக்கில் தேய்ந்த விரிப்பும் ஓர் ஆவணம். எந்த நூல், எந்தத் தையல், எந்த அடித்துணி, எந்தச் சாயம் என்பதைத் தொழிற்சாலைக் குறிப்புகள் சொல்லாத அளவுக்கு அது சொல்லும்.

எதிர்வாதமும் வலுவானதே. ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட காரில், கிழிந்து பூஞ்சணம் பிடித்த விரிப்பைச் சான்று என்று வைத்திருப்பது தளத்தையே அழிக்கும். ஈரம் தங்கும் விரிப்பை அகற்றத்தான் வேண்டும். தூய்மையாக இருந்து நிறம் மட்டும் மங்கியதை அகற்ற வேண்டியதில்லை. இழை இணங்கினால் அதற்குச் சாயமேற்றலாம். ரேயான் போன்று இணங்காத இழையானால் கழுவிக் காப்பதே மேல்.

எந்த வழியானாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கதவடிப் பட்டையின் கீழும் நடுப்பெட்டியின் ஓரத்திலும் மறைந்திருக்கும் விரிப்பில் வெயில் பட்டதே இல்லை. கார் ஆலையை விட்டு வந்த நாளின் நிறம் அங்கேதான் எஞ்சியிருக்கும். அந்த ஓரத்தில் ஒரு விரலகலத் துண்டைச் சாயம் படாமல் வெட்டி, ஒளிபடாத உறையில் காரின் ஆவணங்களோடு வைத்தால் போதும். பின்னாளில் அந்தக் காரைச் செப்பனிடுபவர், அசல் நிறத்தை ஊகிக்க வேண்டியிராது.